அடியில அம்பு கீறுன தட்டு

வேல்விழியா? தெரியும். தெரியாம என்ன, இதே கம்பெனியிலதான் வேல பாக்குது. கோதண்டபாணி பொண்ணுதான கேக்குறீங்க? அதேதான். வேற வேல்விழி இங்க கெடையாது.

குந்துங்கண்ணே. அந்த ஸ்டூல்ல இல்ல, அது ஒரு காலு ஆடும். இதுல குந்துங்க. பேண்ட்டுல மண்ணு ஒட்டினா என்னச் சொல்லக் கூடாது, செராமிக் கம்பெனின்னா மண்ணுதான். என்னப் பாத்தாலே தெரியுதுல்ல? தலையிலயும் வாயிலயும் துண்டக் கட்டியும் புருவம் வரைக்கும் வெள்ள மாவு. நான் பேசிக்கிட்டே சுரண்டுறேன், தப்பா நெனைக்காதீங்க. சாயங்காலம் இந்தப் பலகையில இருக்குற குதிர பொம்ம பூரா பிசிறு எடுத்து முடிச்சாவணும். அச்சுல ரெண்டு பாதி சேர்ற எடத்துல கோடு மாதிரி நிக்குது பாருங்க, அதான் பிசிறு. அதச் சுரண்டி ஈர ஸ்பாஞ்சால தொடச்சி சூளைக்கு அனுப்புறது. பிளஸ் டூ முடிச்சதுலேருந்து இந்த வேலதான்.

எம்பேரு எதுக்கு? எனக்கா மாப்புள்ள விசாரிக்க வந்தீங்க? நீங்க கேக்க வந்ததக் கேளுங்க.

அது இன்னிக்கு வந்திருக்குதான்னா, வந்திருக்குது. வேலையில இருக்குது. அப்பறம் பாக்கலாம், அவசரம் என்ன. நீங்க மாப்புள்ளைக்கு பிரண்டா? சரி, பிரண்டுன்னே வச்சுக்குவோம்.

ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். சும்மா யாரும் வேல பாக்குற எடத்துக்கே வந்து விசாரிக்க மாட்டாங்க. தெருமுன டீக்கடையில விசாரிப்பாங்க, இல்லன்னா பொட்டிக்கடையில ஒரு சோடாவ வாங்கிக்கிட்டு நைசா கேப்பாங்க. அங்க கேட்டிருந்தீங்கன்னா தங்கமான பொண்ணு, தல நிமிந்து நடக்காது, அப்பிடின்னு சொல்லி அனுப்பி இருப்பாங்க. யாரப் பத்திக் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க. ஒரு கல்யாணத்தக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்குன்னு. எனக்கு அந்தப் பாவத்துக்கெல்லாம் பயம் கெடையாது. கேட்டா உள்ளதச் சொல்லுவேன். பொய்யி ஒண்ணு கூட வராது. அப்பறம் ஏன் சொன்னன்னு கேக்கக் கூடாது.

மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. நிச்சயம் என்னிக்கி? வர்ற வெள்ளிக்கெழம காலையில. யாரு குறிச்சது? மாப்புள்ளையோட அம்மா சிவகாமசுந்தரி, சேத்தியாத்தோப்புல ஜோசியரப் பாத்துட்டு. அன்னிக்கிக் காலையில அதுக்குப் பரிச்ச. தெரியுமா உங்களுக்கு? மாப்புள்ளைக்குத் தெரியுமா? பாத்தீங்களா. யாரும் சொல்லி இருக்க மாட்டாங்க. அதோட அப்பா தேதிய மாத்தச் சொல்லிக் கேக்கல. அம்மா சொர்ணாம்பா, பரிச்சதான, அடுத்த தடவ எழுதிக்கலாம், மாப்புள்ள அடுத்த தடவ வருவாரான்னு கேட்டுச்சு. இந்தத் தடவ வுட்டா அடுத்த மே மாசம்தான் எழுத முடியும்.

என்னா பரிச்சயா? பி.எஸ்ஸி. மேக்ஸு. தபால்ல படிக்குது, ரெண்டாவது வருஷம். அதுல லீனியர் ஆல்ஜீப்ரான்னு ஒரு பேப்பரு. போன தடவ எழுதி அந்த ஒண்ணுல மட்டும் பெயிலு. ஆமா, பெயிலு. எழுதிக்குங்க. பெயிலான பொண்ணுன்னு மாப்புள்ளகிட்டப் போயி சொல்லுங்க.

கல்யாணத்துக்கு அப்பறம் படிக்க வுடுவாங்களா? யாரு சொன்னது, மாப்புள்ளையா? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. படிக்க வுடுவேன், வேலைக்குப் போவ வுடுவேன். வுடுறதுக்கு அது என்ன மாடா, கயித்தப் புடிச்சுக்கிட்டு வுடுறதுக்கு? கோவப்படாதீங்கண்ணே, உங்கள சொல்லல. பிரண்டத்தான சொன்னேன்.

நீங்க என்ன படிச்சீங்க? டிப்ளமாவா? மெக்கானிக்கலா? மாப்புள்ளையும் டிப்ளமா மெக்கானிக்கலாமே. ஒண்ணாப் படிச்சீங்களா? சரி சரி. அப்ப நீங்களும் மேட்ரிக்ஸு போட்டிருப்பீங்க. டிடர்மினன்டு கண்டுபுடிச்சு மார்க்க வாங்கிட்டு மறந்திருப்பீங்க. சிரிக்காதீங்க, எல்லாரும் அப்பிடித்தான். அதுவும் அப்பிடித்தான் இருந்துச்சு. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். அணி, அணிக்கோவை, நேர்மாறு, தரம், எதக் குடுத்தாலும் போட்டுடும். கணக்குல ஸ்கூல் பர்ஸ்ட்டு. நாமதான் பெரிய ஆளுன்னு ஒரு திமிரு. தபால்ல பார்சலு வந்துச்சு, பிரிச்சா பூரா இங்கிலீஷு. அது கூடப் பரவால்ல, டிக்ஷனரிய வச்சுத் தேய்ச்சிடலாம். ஆனா நம்பரே இல்லண்ணே. பக்கம் பக்கமாத் திருப்பினா எழுத்துதான் இருக்குது. லெட் வி பீ எ வெக்டர் ஸ்பேஸ். அது என்னா ஸ்பேஸு, எங்க இருக்குது, ஒரு எழவும் வெளங்கல.

ஞாயித்துக்கெழமையில கடலூர்ல ஒரு ஸ்கூலுல கிளாஸ் வைப்பாங்க. போவும். கூடப் படிக்கிறது பூரா வயசானவங்க, ஸ்கூல் டீச்சருங்க, புரமோஷனுக்குப் படிக்கிறவங்க. பாதிப் பேரு தூங்கிக்கிட்டு இருப்பாங்க. வாத்தியாரு புஸ்தகத்த அப்பிடியே படிப்பாரு. இது எழுந்து நின்னு கேட்டுச்சாம். சார், வெக்டருன்னா அம்புக்குறின்னு ஸ்கூலுல சொல்லிக் குடுத்தாங்க, இங்க எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஒண்ணையும் வெக்டருன்னு போட்டிருக்குது, எதுல அம்பு இருக்குது சார்னு. அவரு, அது டெஃபனிஷன்மா, எழுதிக்கன்னாரு. தூங்கிக்கிட்டு இருந்தவங்க கூட எழுந்து சிரிச்சாங்க. இது வுடாம, எனக்குப் புரியலன்னுதான் கேட்டேன், எழுதிக்கன்னா எனக்கு எதுக்கு வாத்தியாருன்னு கேட்டுட்டு வந்துடுச்சு. அப்பறம் ஒரு மாசம் கிளாஸுக்கே போவல. அப்பிடி வாயி. நோட் பண்ணிக்குங்க. மாமியாருகிட்டயும் இதே வாயிதான் வரும்.

பெயிலானப்ப அழுதுதான்னா, அழுவல. புஸ்தகத்த செவுத்துல வீசி அடிச்சுது. அட்ட தனியாப் போயிடுச்சு. ராத்திரி சாப்புடல. மறுநாளு கோந்து போட்டு ஒட்டுச்சு. அவ்வளவுதான்.

சமையலா? ரசம் வைக்கும். அடிப்புடிச்ச ரசத்த எங்கயாவது பாத்திருக்கீங்களா? அது வைக்கும். கொதிக்க வச்சிட்டு செவுத்துல கரித்துண்டால கணக்குப் போட்டுக்கிட்டு நிக்கும், இங்க சட்டி தீஞ்சு கெடக்கும். சொர்ணாம்பா அகப்பையத் தூக்கிக்கிட்டு அடிக்க வரும். அப்பவும் இரும்மா, இந்த ரோவ சைபர் ஆக்கிட்டு வரேங்கும். சைபர் ஆக்குறது என்னன்னா, மூணு வரி இருக்குதுன்னு வைங்க, மூணாவது வரி மொத ரெண்டையும் கூட்டிக் கழிச்சாலே வந்துடும்னா அந்த வரி தெண்டம். கழிச்சுத் தள்ளினா சைபர் சைபர் சைபர்னு ஆயிடும். மிச்சம் எத்தன வரி நிக்குதோ அதுதான் அதோட ரேங்க்கு. சொர்ணாம்பா அதக் கேட்டுட்டு, அடியே, உன்னத்தான்டி கழிச்சுத் தள்ளணும் இந்த வூட்டுலேருந்துன்னு சொன்னுச்சு. வெளையாட்டுக்குச் சொல்லல. அடுத்த வாரமே ஜாதகத்த எடுத்துட்டாங்க.

வூடா? ரயிலடி தாண்டிப் போவணும். அப்பறமா சொல்றேன். வழி சொல்றதுன்னா இங்க ஒரு கூத்து நடந்துச்சு. அந்தா அச்சுக்கு மண்ணுத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்குதே, அது ஆராயி அக்கா. வேல்விழி ஒரு நாளு அதுகிட்டப் போயி, யக்கா, ஊருல எந்த எடத்துக்குப் போறதா இருந்தாலும் கெழக்க இவ்வளவு, வடக்க இவ்வளவுன்னு ரெண்டு திச சொன்னாப் போதும், மூணாவது திசையே தேவயில்ல, அதுக்குப் பேருதான் பேஸிஸுன்னு வெளக்குது. ஆராயி அக்கா பொறுமையாக் கேட்டுட்டு, அப்ப குறுக்கு ரோட்ட எவன்டி போட்டான்? நீ கெழக்கயும் வடக்கயும் சுத்திக்கிட்டு வா, நான் குறுக்கால போயி சோத்தத் தின்னுட்டுப் படுத்துடறேன்னுச்சு. இன்னொரு நாளு, ஒண்ணுமே இல்லாம சைபர் வெக்டர் மட்டும் தனியா இருந்தாலும் அதுவும் ஒரு ஸ்பேஸுதான்னு சொன்னுச்சு. அதுக்கு ஆராயி அக்கா, ஆளே இல்லாத வூட்டுக்கு எதுக்குடி பட்டான்னு கேட்டுச்சு. கம்பெனி பூரா சிரிச்சுது. இது சிரிக்கல. மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டுப் போயி குதிரையச் சுரண்டக் குந்திடுச்சு. ஏன்னா அதுக்கே அது அப்ப வெளங்கல. பெயிலானதே அந்த மாதிரி கேள்வியிலதான். கணக்கு வந்தா போட்டுடும். நிரூபிக்கச் சொன்னா கையி நின்னுடும்.

இப்ப வெளங்குதான்னா, பாதி வெளங்குது. வெக்டருன்னா அது பாக்க என்ன மாதிரி இருக்குதுன்னு கேக்கவே கூடாதாம். அம்பா, நம்பரா, எக்ஸா, எதுவா வேணா இருக்கட்டும். ஒண்ணோட ஒண்ணு கூட்டினா எப்பிடி நடந்துக்குது, மடங்கு பண்ணினா எப்பிடி நடந்துக்குது, அதத்தான் பாக்கணுமாம். அத வச்சுதான் வெக்டரா இல்லையான்னே சொல்லணுமாம். அது புரிஞ்ச அன்னிக்கி குதிரக் காத ஒடச்சிடுச்சு, சந்தோஷத்துல. ஒடஞ்ச குதிரைக்கி மொதலாளி மாணிக்கவேலுகிட்ட வாங்கிக் கட்டிக்கிச்சு.

நீங்க இப்ப என்ன கேட்டீங்க? நெறம் எப்பிடி, ஒசரம் எப்பிடி, முடி எம்மாம். பாக்க எப்பிடின்னுதான கேக்குறீங்க. ஒண்ணும் இல்ல, சும்மா சொன்னேன்.

படிச்சு என்ன ஆவப்போவுதா?

நீங்களும் கேட்டுட்டீங்களா. இருங்க, இந்தக் குதிரைய வச்சிடறேன், இல்லன்னா இதையும் ஒடச்சிடுவேன். எல்லாப் பயலும் இதத்தான் கேக்குறான். டீச்சர் வேலைக்கா, பேங்க்கு வேலைக்கா, பி.எட். பண்ணப் போவுதான்னு. வேலைக்குன்னு சொல்லிட்டா எல்லாரும் வாய மூடிக்குவாங்க, தெரியும். ஆனா அதுக்கு அப்பிடி ஒண்ணும் கெடையாது. ஒரு கதவு தொறக்கல. தொறக்காம அது முன்னாலேருந்து நவுர மாட்டேங்குது. அவ்வளவுதான். உங்களுக்கு அப்பிடி எதுவுமே ஆனதில்லையா? ஒரு இஞ்சினு ஸ்டார்ட் ஆவலன்னா பிரிச்சுப் போட்டுப் பாக்க மாட்டீங்க? அதப் பிரிச்சு என்ன ஆவப்போவுதுன்னு யாராவது உங்களக் கேட்டாங்களா? ஆம்பளைங்கள கேக்க மாட்டாங்க.

கோவமா? நான் கோவமா இல்ல. என் கொரலே இப்பிடித்தான்.

பைத்தியமான்னு கேளுங்க, அதையும் சொல்றேன். அந்தா அலமாரிக்கு மேல ஒரு தட்டு இருக்குது பாருங்க, கோணலா, முட்ட மாதிரி நீட்டமா. அது வேல்விழியே பண்ணினது. ஐகன் வெக்டருன்னு ஒண்ணு வரும் அந்தப் பேப்பருல. ஒரு மேட்ரிக்ஸ எடுத்து வெக்டரு மேல போட்டா, எல்லாம் வேற வேற பக்கம் திரும்பிடும். ஒண்ணு ரெண்டு மட்டும் திரும்பாது. நீளம் கூடும், இல்லன்னா கொறையும். ஆனா பாத்த பக்கமே பாத்துக்கிட்டு நிக்கும். புஸ்தகத்துல படிச்சுட்டு, இத எங்கயாவது கண்ணால பாக்கணும்னு அதுக்கு ஒரு வெறி. மண்ணு சூளையில வெந்தா சுருங்கும்ல, அது எல்லாருக்கும் தெரியும். ஒரே பக்கமா உருட்டித் தட்டின மண்ணு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. வட்டமா வச்சா நீட்டமா வரும். இங்க அதுக்காகவே திட்டு வாங்குவோம். இது என்ன பண்ணிச்சு, மிச்ச மண்ணுல வட்டமா ஒரு தட்ட உருட்டி, அடியில நடுவுலேருந்து சுத்தி அம்பு அம்பா கீறி, அதே மாதிரி ஒரு பேப்பருலயும் வரஞ்சு வச்சுக்கிட்டு, யாருக்கும் தெரியாம பொம்மைங்களோட தட்டையும் சூளையில சொருகிடுச்சு.

சூளையப் பிரிச்சா, தட்டு வளஞ்சு போயி பக்கத்துல இருந்த புள்ளையாரு மேல ஒட்டிக்கிட்டு இருக்குது. புள்ளையாருக்குத் தும்பிக்கையே போச்சு. மாணிக்கவேலு குதிச்சாரு பாருங்க. இது என்னா கோலமா, செய்வினையா, யாருக்குடி வக்கிற இதுன்னு. ஆர்டருக்குப் போற புள்ளையாரு. அன்னிக்கே வேலையிலேருந்து தூக்கி இருப்பாரு, ஆராயி அக்காதான் சமாதானம் பேசுச்சு. அவரு கத்திக்கிட்டு இருக்கறப்பவே இது தட்டத் திருப்பி பேப்பரு மேல வச்சுப் பாத்துக்கிட்டு நிக்குது. எல்லா அம்பும் இம்மியூண்டு திரும்பி இருந்துச்சாம். நீட்டத்துல ஒண்ணு, குறுக்குல ஒண்ணு, அது ரெண்டு மட்டும் திரும்பலையாம். ஒருவேள ஆசையில அப்பிடித் தோணி இருக்கலாம். தட்டும் வளஞ்சிருந்துச்சு, சரியா ஒக்காரல. அதையும் அதுவே சொல்லிடும். ஆனா அன்னிக்கி ராத்திரி சாப்புட்டுச்சு, நல்லா.

இவ்வளவுதான் அதப் பத்தி. வாயாடி, திமிரு, சமைக்கத் தெரியாது, பெயிலு, புள்ளையாரு தும்பிக்கைய ஒடச்சது. வேற என்ன வேணும்?

எழுந்துட்டீங்களே. அது எங்கன்னா? இருங்க, துண்ட அவுத்துடறேன். வேர்க்குது.

ம். போட்டோவுல வேற மாதிரிதான் இருப்பேன். அது அந்த ஸ்டுடியோக்காரன் பண்ணின வேல. பவுடர அப்பி, லைட்ட மூஞ்சியிலயே அடிச்சான். அந்தப் பொடவையும் என்னுது இல்ல, கடன் வாங்கினது.

உங்க போட்டோவுல மட்டும் என்ன, மீசையே இல்ல. வாசல்ல வந்து நிக்கறப்பவே தெரிஞ்சிடுச்சு. பிரண்டுன்னு சொல்றவரு பைக்கு பின்னால கோகுல்ராஜ்னு செவப்பு ஸ்டிக்கர ஒட்டிக்கிட்டு வரலாமா? பிரண்டு பைக்க எரவல் வாங்கிட்டு வந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. நான் இம்மாம் நேரம் ஒரு பொய்யி சொல்லல. மூச்சுக்கு மூச்சு அண்ணே அண்ணேன்னு வேற கூப்புட்டேன், உறைக்கலையா? தெரிஞ்சுதான் கூப்புட்டேன்.

குந்துங்க. ஓடாதீங்க. நீங்க கெட்டவருன்னு நான் சொல்லல. நேருல வந்து பாக்கணும்னு தோணுச்சே, அதுவே பெருசு. யாருன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம், அதத்தான் சொல்றேன்.

எங்க அப்பாகிட்டயா? வேணாம்னு சொன்னேன். கோதண்டபாணி என்ன சொன்னாரு தெரியுமா? அவங்க வேணாம்னு சொன்னா பாத்துக்கலாம் போ அப்பிடின்னாரு. நான் வேணாம்னா அது திமிரு. நீங்க வேணாம்னா அது சேதி. எங்க வூட்டுல என் பேச்சுக்கு ரேங்க்கு சைபரு. அதனால நீங்க சொல்லணும். இன்னிக்கே, உங்க அம்மாகிட்ட. கருப்புன்னு சொல்லுங்க, பல்லு எடுப்புன்னு சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் ஆவாது. ஒருத்தன் வேணாம்னு போன பொண்ணுன்னு பேரு வருமா? வரட்டும். அந்தப் பேரு இருந்தா ரெண்டு வருஷத்துக்கு எவனும் வாசப்படி மிதிக்க மாட்டான். அதுக்குள்ள நான் முடிச்சிடுவேன்.

நம்ப மாட்டாங்களா உங்க அம்மா? சொர்ணாம்பா பேச்சுல அவ்வளவு மயங்கிட்டாங்களா?

அப்ப அந்த ஸ்டூல எடுத்துப் போட்டு ஏறுங்க. ஆடுறது இல்ல, நீங்க குந்தி இருந்தீங்களே, அது. அந்தத் தட்ட எடுத்துட்டுப் போங்க. அடியத் திருப்பி உங்க அம்மாகிட்டக் காட்டுங்க. பொண்ணு அம்பு அம்பாக் கீறி சூளையில வைக்குது, புள்ளையாரு தும்பிக்க போச்சு, கம்பெனியே சாட்சின்னு சொல்லுங்க. செய்வினைன்னு பயந்து ஜோசியரத் தேடி அவங்களே திரும்ப ஓடுவாங்க.

பேப்பரு சுத்தி எடுத்துட்டுப் போங்க. பைக்குல கொண்டு போறப்ப இடுக்காதீங்க, ஓரம் சில்லு சில்லா வந்துடும். காட்டிட்டு, வெள்ளிக்கெழமைக்கி முன்னாடி யாருகிட்டயாவது குடுத்து அனுப்பிடுங்கண்ணே. எனக்கு அது ஒண்ணுதான் இருக்குது. பரிச்சையில ஐகன் வெக்டரு கண்டிப்பா கேப்பான்.